கடற்பூதங்களும் இரவல் கதைகளும்



கவிதை, சிறுகதை, நாவல், நாடகம் என்று பேசப்படும் இந்த நேரத்தில் கடற்பூதப் படங்களைப் பற்றிப் பேசுவதா என்று உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அதிலும், நல்லவை என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட படங்களை நான் இன்று எடுத்துக்கொள்ளவில்லை. கதை புதிதல்ல, பாத்திரங்கள் புதியவர்கள் அல்லர், பூதங்கூட முன்னர் எங்கோ பார்த்த பூதந்தான் என்று விமர்சகர்கள் ஒதுக்கிவைத்த படங்களைப் பற்றியே பேசப்போகிறேன். அப்படியான படம் ஒன்று தொலைக்காட்சியில் நள்ளிரவில் போனாலும், பாதியில் எழுந்து போக நமக்கு மனம் வருவதில்லை. அது ஏன்?

“கதை பழையது, ஆனாலும் விறுவிறுப்பு” என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போவது வழக்கம். அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. கதை பழையதாக இருப்பதனாலேயே கிடைக்கும் சுவை ஒன்று உண்டு என்பது எனது அபிப்பிராயம். ஒரு படத்தை வைத்துக்கொண்டு இதனை விளக்க முயல்கிறேன்.

1998 ஜனவரி 30ஆந் திகதி அமெரிக்காவில் வெளியான ‘டீப் ரைசிங்’ தான் அந்தப் படம். எழுதி நெறிப்படுத்தியவர் ஸ்டீபன் சொமர்ஸ். கதை தென் சீனக் கடலில் நடக்கிறது. ஃபினெகன் என்பவன் படகு வைத்திருப்பவன். காசு கிடைத்தால் போதும், எதை ஏற்றுகிறீர்கள், எதற்குப் போகிறீர்கள் என்று கேட்கமாட்டான். ஆயுதம் தாங்கிய கூலிப்படை ஒன்று அவனுடைய படகை வாடகைக்கு அமர்த்துகிறது. அவர்களின் பெட்டிகளுக்குள் இருப்பவை டோர்ப்பிடோக்கள். நடுக்கடலில் ஓர் உல்லாசப் பயணக் கப்பலைக் கொள்ளையடித்துவிட்டு, அதை மூழ்கடிப்பதே அவர்களது திட்டம். ஆனால், இவர்கள் போய் ஏறும்போது அந்தப் பென்னம்பெரிய கப்பலில் ஆட்களைக் காணவில்லை. விளக்குகள் எரிகின்றன. இரத்தம் கிடக்கிறது. ஓர் அறையில் பூட்டி வைக்கப்பட்டிருந்த நகைத்திருடி ஒருத்தி உயிரோடு இருக்கிறாள். பெட்டகத்துக்குள் ஒளிந்திருந்த சிலர் வெளியே வருகிறார்கள். மற்றவர்கள் எங்கே என்ற கேள்விக்கு விடை, கப்பலின் குழாய்களுக்குள்ளும் சுவர்களுக்குள்ளும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

கப்பலின் பெயர் ‘ஆர்கோனோட்டிக்கா’. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோட்ஸைச் சேர்ந்த அப்பலோனியஸ் எழுதிய கிரேக்கக் காவியத்தின் பெயர் அது. கப்பலின் பெயரே இரவல் என்றால் மற்றவை எப்படியிருக்கும் என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். மூழ்கப்போகும் உல்லாசக் கப்பலின் உள்ளே வழி தேடி அலைவது 1972இல் வந்த ‘பொசைடன் அட்வென்ச்சர்’ படத்திலிருந்து வந்தது. இருண்ட தாழ்வாரங்களில் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபடுவது 1979இன் ‘ஏலியன்’. துவக்கும் வாயுமாக வந்த வீரர்கள் துவக்கினால் பயனில்லை என்று கண்டு நடுங்குவது 1986இன் ‘ஏலியன்ஸ்’. கடலுக்குள் இருந்து வரும் கைகளோ ஜூல்ஸ் வேர்ண் 1870இல் முடித்த நாவல் தொட்டு நமக்குத் தெரிந்தவை.

இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. ‘டீப் ரைசிங்’ படத்துக்கு இசையமைத்தவர் ஜெரி கோல்ட்ஸ்மித். ‘ஏலியன்’ படத்துக்கு இசையமைத்தவரும் அவரே. பூதத்தை உருவமைத்தவர் ரொப் பொட்டின். 1982இல் ‘த திங்’ என்ற படத்தில் உருமாறும் ஜந்துவைச் செய்து காட்டித் தொழிலில் உள்ளவர்களையே அசரவைத்தவர். பிரதி என்று நாம் சொல்லும் இந்தப் படத்தில், மூலங்களைச் செய்த கைகளே வேலை செய்திருக்கின்றன. தன் பாட்டைத் தானே மறுபடி பாடுகிற அண்ணாவியாரை யாரும் திருடன் என்பதில்லையே!

அண்ணாவியார் என்றதும் நினைவுக்கு வருகிறது. காத்தவராயன் கூத்துப் பார்க்கப் போகிறவர், காத்தவராயன் கழுவேறுவானா மாட்டானா என்று அறியவா போகிறார்? அது அவருக்குச் சிறு வயதிலேயே தெரியும். இந்த முறை அதை ஆடுபவன் எப்படி ஆடுகிறான், எப்படிப் பாடுகிறான் என்று பார்க்கவே அவர் பாயோடு போய் இடம் பிடிக்கிறார். கதை என்ற சுமை இறங்கிவிட்டதால், கண்ணும் காதும் வேறு விடயங்களுக்குத் திறந்துகொள்கின்றன.

‘டீப் ரைசிங்’ படத்திலும் இப்படித்தான். யார் யார் இறப்பார்கள் என்று முதல் 20 நிமிடங்களிலேயே ஏறத்தாழச் சொல்லிவிடலாம். ஆகவே நாம் பார்ப்பது நடையை. ஃபினெகனாக நடித்த ட்ரீட் வில்லியம்ஸ் வீர வசனம் பேசுவதில்லை. ஒவ்வோர் ஆபத்திலிருந்தும் தப்பி மூச்சு வாங்கும்போது, அடுத்தது என்ன என்று சலிப்போடு கேட்பான். வாடகைக்குப் படகு ஓட்டுபவனுக்கு இயல்பான சலிப்பு அது. இயந்திரம் திருத்துபவனாக வரும் கெவின் ஜே. ஓ’கொனர் பயத்தை மறைக்காமல் புலம்பிக்கொண்டே இருக்கிறார். பிழைத்தவர்களுள் கப்பலைக் கட்டிய முதலாளியும் இருக்கிறார். ஓடினால் நட்டம், மூழ்கினால் காப்புறுதிப் பணம் என்று கணக்குப் பார்த்து, கூலிப்படையை வரவழைத்தவரே அவர்தான். படத்தில் பூதத்தைவிடக் கூசவைப்பவர் இவர். ஆனால் நெறியாளர் இதனைப் பிரசங்கமாக்காமல் ஓட்டத்தோடு ஓட்டமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அது எனக்குப் பிடித்திருந்தது.

படம் கடையில் போகவில்லை. ஏறத்தாழ 45 மில்லியன் டொலர் செலவிட்டு, அமெரிக்காவில் 11 மில்லியன் டொலர் அளவே வசூலித்தது. வந்த நேரம் அப்படி. ஆறு வாரங்களுக்கு முன்னர், 1997 டிசெம்பர் 19இல், வேறொரு கப்பல் படம் வெளியாகி எல்லாத் திரைகளையும் பிடித்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் கமரூனின் ‘டைட்டானிக்’ தான் அது. அந்த கமரூன் நெறியாளராகப் பெயர் பெற்ற முதல் முழுநீளப் படம் எது தெரியுமா? ‘பிரானா 2’ என்ற, பறக்கும் மீன்கள் மனிதரைக் கடிக்கும் மூன்றாந்தரப் பூதப்படம்! இரவலின் இரவலில் தொழில் பழகியவர், உலகமே அழுத கப்பலை மூழ்கடித்தார்.

இந்தக் கிளைக்கதையைச் சற்று நீட்ட அனுமதியுங்கள். 1975இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க்கின் ‘ஜோஸ்’ வந்தது. இயந்திரச் சுறா உப்பு நீரில் அடிக்கடி பழுதுபட்டதால், அதைக் காட்டாமலே பயங்காட்ட வேண்டிய நிலை. ஜோன் வில்லியம்ஸின் இரண்டு சுர இசை சுறாவுக்குப் பதிலாக நீந்தியது. படம் பெற்ற வெற்றியைத் தொடர்ந்து கடலில் உள்ள பல்லுள்ள உயிர்கள் எல்லாம் திரைக்கு வந்தன. 1978இல் ரோஜர் கோர்மனின் நிறுவனம் மிகக் குறைந்த செலவில் ‘பிரானா’ எடுத்தது. திரைக்கதை ஜோன் செயில்ஸ், நெறியாள்கை ஜோ டான்ரே. செயில்ஸ் பின்னர் அமெரிக்காவின் மதிப்புக்குரிய சுயாதீன நெறியாளர்களுள் ஒருவரானார். ஜோ டான்ரே ‘கிரெம்லின்ஸ்’ படத்தை 1984இல் நெறிப்படுத்தியபோது, அதற்கு நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்தவர் ஸ்பீல்பேர்க்! தன்னைப் பார்த்து எழுதியவனுக்கே ஆசிரியர் அடுத்த வகுப்பில் இடம் கொடுத்த மாதிரி.

போட்டி சில வேளை வேடிக்கையாகவும் போனது. 1977இல் வந்த ‘ஓர்கா’ படத்தில், தொடக்கத்திலேயே ஒரு கொலைத் திமிங்கிலம் வெள்ளைச் சுறாவைக் கொன்றுவிடும். ‘உங்கள் சுறா எங்களுக்கு ஒரு வாய்க்குப் போதாது’ என்பது அதன் பொருள். அடுத்த ஆண்டு ‘ஜோஸ் 2’ வந்தது. அதில் கரையொதுங்கிக் கிடக்கிறது ஒரு கொலைத் திமிங்கிலம், உடம்பெல்லாம் சுறாக்கடியோடு! வடமொழி இதிகாசங்களில் ‘திமி’ என்றொரு பெருமீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். நாம் இன்று சாதாரணமாகச் சொல்லும் திமிங்கிலம் என்ற பெயரிலேயே இந்தப் போட்டி இருக்கிறது. ஹொலிவூட் தயாரிப்பாளர்கள் இதனை அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் இரண்டாம் பாகம் எடுக்கும் கலையை அந்தச் சொல்லைப் படைத்தவர்கள் எப்போதோ அறிந்திருந்தார்கள்.

சரி, முதலில் செய்தவனுக்கு மதிப்பில்லையா என்று கேட்பீர்கள். முதலில் செய்தவன் யார் என்று தேடிப்போனால் ஆச்சரியமே மிஞ்சுகிறது. ‘ஜோஸ்’ படத்தில் சுறாவைத் துரத்தும் குவின்ற் என்ற மீனவன், 1851இல் ஹேர்மன் மெல்வில் எழுதிய ‘மோபி டிக்’ நாவலின் கப்டன் ஏஹாப்பினுடைய சந்ததி. மெல்விலோ, 1820இல் திமிங்கிலம் மோதி மூழ்கிய ‘எஸெக்ஸ்’ கப்பலின் வரலாற்றையும், தோமஸ் பீல் என்ற வைத்தியர் 1839இல் எழுதிய திமிங்கில நூலையும் தாராளமாக எடுத்தாண்டவர். அவற்றுக்கும் அப்பால் போனால் யோனாவை விழுங்கிய மீன், ஒடிஸியஸின் ஆட்களைப் பிடித்துத் தின்ற ஸ்கில்லா, கடல் தாவிய அநுமனை நிழலைப் பிடித்து இழுத்த அங்காரதாரை. அவள் வாய்க்குள் புகுந்து வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியேறிய காட்சியைக் கம்பனில் படித்தவர்களுக்கு, ‘டீப் ரைசிங்’ பூதத்தின் உடலைப் பிளந்ததும் விழுங்கப்பட்டவன் வெளியே விழும் காட்சி அவ்வளவு புதிதாக இராது. பயங்கரந்தான், ஒப்புக்கொள்கிறேன். இவன் அநுமனைப் போல் வெற்றியோடு வரவில்லை, பாதி சீரணமாகி வருகிறான்.

இரவலிலும் நல்லது கெட்டது உண்டு. 1987இல் வந்த ‘ஜோஸ்: த ரிவெஞ்ச்’ படத்தில் ஒரு சுறா குறிப்பிட்ட குடும்பத்தைப் பழிவாங்கத் தேடித் திரிகிறது. அதை நெறியாளர் முழு நம்பிக்கையோடு, துக்க முகத்தோடு சொல்கிறார். பார்ப்பவனுக்கு எல்லாம் முன்னரே தெரியும் என்பதே அவருக்குத் தெரியாது போலும். இரவல் வாங்கியவன் இரவல் என்று அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதை வைத்து விளையாட முடியும்.

அதற்கு மிகச் சிறந்த உதாரணம் 1999இல் ரெனி ஹார்லின் நெறிப்படுத்திய ‘டீப் புளூ சீ’. மூளை பெருப்பிக்கப்பட்ட சுறாக்கள் கடல்நடு ஆய்வுகூடத்தை உடைக்கின்றன. உயிர் தப்பியவர்கள் தங்களுக்குள் சண்டை பிடிக்கிறார்கள். அப்போது படத்தின் பெரிய நடிகரான சாமுவேல் எல். ஜக்சன் எழுந்து, ஒற்றுமையாக நின்றால் வெளியேறலாம் என்று கம்பீரமாகப் பேசத் தொடங்குகிறார். இப்படிப் பேசுபவர் கடைசிவரை இருப்பார் என்பது நாம் படித்த இலக்கணம். பேச்சு முடியவில்லை. பின்னால் இருந்த நீரிலிருந்து பாய்ந்த சுறா அவரை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. முற்றிலும் புதிதான ஒரு கதையில் இந்த அதிர்ச்சியை உண்டாக்கவே முடியாது. ஏனெனில் அங்கே மீறுவதற்கு மரபு இல்லை. யாப்பு அறிந்த வாசகனுக்குத்தான் தளை தட்டினால் காதில் படும்.

செலவுச் சுருக்கத்தையும் இங்கே சொல்லவேண்டும். 1955இல் வந்த ‘இட் கேம் ஃபுரொம் பினீத் த சீ’ படத்தில் சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைப் பிய்த்தெறியும் மாபெரும் சாக்குக்கணவாய்க்கு எட்டுக் கைகள் இல்லை, ஆறுதான். ரே ஹரிஹோசன் ஒவ்வொரு கையையும் சட்டம் சட்டமாக அசைத்துப் படம் பிடிக்கவேண்டும். எட்டுக் கைக்குக் காசில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் எண்ணுவதில்லை. அதற்கு முந்திய ஆண்டில் டிஸ்னி நிறுவனம் வேர்ணின் நாவலைப் படமாக்கியபோது, இராட்சதக் கணவாயுடனான சண்டையை முதலில் அமைதியான அந்திக் கடலில் எடுத்தார்கள். பொம்மை பொம்மையாகவே தெரிந்தது. பின்னர் இரவு, புயல், மழை என்று மாற்றி மறுபடியும் எடுத்தார்கள். பூதம் உயிர்பெற்றுவிட்டது. இன்றுவரை கடற்பூதங்கள் பெரும்பாலும் இருட்டிலும் மழையிலும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, இந்த வகைக்குள் வந்த மிகத் துயரமான படத்துக்கு வருகிறேன். அதுவும் ஒரு சாயலிலிருந்து பிறந்ததே. 1953இல் அமெரிக்காவில் ‘20,000 ஃபதம் ஆழத்திலிருந்து வந்த மிருகம்’ என்ற பொருளுடைய படமொன்று வந்தது. ரே பிராட்பரியின் சிறுகதை ஒன்று அதற்கு அடிப்படை. அணுகுண்டுச் சோதனை உறங்கிய பூதத்தை எழுப்பிவிடுகிறது. மறு ஆண்டு ஜப்பானில் தயாரிப்பாளர் டொமோயுகி தனாகா இதே சரட்டை எடுத்தார். நெறியாளர் இஷிரோ ஹொண்டா. 1954 நவம்பரில் ‘கொட்சிலா’ வந்தது.

சரடு ஒன்றுதான். கோத்தது வேறு. அந்த ஆண்டு மார்ச் 1ஆந் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், தொலைவில் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகில் விழுந்தது. படகிலிருந்த 23 பேரும் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் செப்டெம்பரில் இறந்தார். ‘கொட்சிலா’, கடலில் திடீரென்று எழும் ஒளியில் ஒரு கப்பல் அழிவதோடு தொடங்குகிறது. அதைப் பார்த்த ஜப்பானியருக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அமெரிக்கப் படத்தில் பூதத்தைக் கொன்றதும் நிம்மதி வருகிறது. ஜப்பானியப் படத்தில் அது இறந்த பின்னரும் துயரமே மிஞ்சுகிறது. இரவல் வாங்கிய பாத்திரத்தில் அவர்கள் தங்கள் கண்ணீரை ஊற்றினார்கள்.

கதிர்வீச்சுக்கு முகமில்லை. அதனால் அதற்கு ஒரு முகம் செய்யவேண்டியிருந்தது. கடலும் அப்படித்தான். தமிழில் ‘கடல் கொண்டது’ என்கிறோம், ‘கடல்கோள்’ என்கிறோம். எடுத்துக்கொள்ளும் கை ஒன்று கடலுக்கு இருப்பது போன்ற சொற்கள். ஆனால் 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலையில் நமது கரைகளுக்கு வந்த கடலுக்குக் கையுமில்லை, கண்ணுமில்லை. இந்தத் தீவில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட மனிதரை அது கொண்டுபோயிற்று. யாரைக் குறிபார்ப்பது? எந்தக் கண்ணில் சுடுவது? கடற்பூதப் படத்தில் கண் இருக்கிறது. ‘டீப் ரைசிங்’ முடிவை நெருங்கும்போது, இத்தனை நேரமும் பல பாம்புகள் என்று நினைத்தவையெல்லாம் ஒரே உடலின் கைகள் என்று தெரியவருகிறது. நடுவில் ஒரு பெரிய முகம். ஃபினெகன் அதன் கண்ணைப் பார்த்துச் சுடுகிறான். அந்த ஒரு வெடியில் கிடைக்கும் ஆறுதல் பொய்யான ஆறுதல்தான். அதை வேண்டாமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. 2004க்குப் பின் பல காலம் கடலைப் பார்க்க மறுத்தவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களிடம் போய் இந்தப் படங்களைப் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன் என்பதையும் குறிப்பிடவேண்டும்.

முகம் செய்வதில் வேறொரு பிழையும் நேரும். உண்மையான உயிரின் முகத்தை எடுத்து ஒட்டினால், பழி அந்த உயிர்மேல் விழும். ‘ஜோஸ்’ நாவலை 1974இல் எழுதிய பீற்றர் பெஞ்ச்லிக்கு இது பின்னரே உறைத்தது. படத்தைப் பார்த்துவிட்டுச் சுறா வேட்டைக்குக் கிளம்பியவர்கள் பலர். மனிதரைத் தேடித் திரியும் சுறா என்பது கற்பனை என்று எழுதியும் பேசியும், சுறாக்களைப் பாதுகாக்கும் பணியில் அவர் பிற்காலத்தைச் செலவிட்டார். 2006இல் காலமானார்.

இந்த வகையில் ‘டீப் ரைசிங்’ குற்றமற்ற படம். அதில் வரும் பூதம் எந்த மீனுக்கும் உறவல்ல. ‘ஒட்டோயா’ என்ற புழுவினத்தின் வழிவந்தது என்று படத்தில் ஒரு வசனம் வருகிறது. ஒட்டோயா உண்மையில் இருந்ததுதான். 50 கோடி ஆண்டுகளுக்கு முன், கடலடிச் சேற்றில் துளையிட்டு வாழ்ந்த விரலளவுப் புழு. கல்லில் பதிந்த தடமாகவே இன்று கிடைக்கிறது. அதைக் கப்பலளவு பெருப்பித்தவர்களின் துணிச்சலைச் சிரித்துக்கொண்டே பாராட்டலாம்.

2018இல் ‘த மெக்’ என்ற இராட்சதச் சுறாப் படம் உலகெங்கும் 500 மில்லியன் டொலருக்கு மேல் வசூலித்தது. ‘டீப் ரைசிங்’ கிற்கு அந்தக் கொடுப்பினை இருக்கவில்லை. படத்தின் கடைசியில் ஃபினெகனும் நகைத்திருடியும் இயந்திரம் திருத்துபவனும் ஒரு தீவில் கரையேறுகிறார்கள். கப்பல் வெடித்து மூழ்கிவிட்டது. பூதமும் ஒழிந்தது. மூச்சு விடும்போது, காட்டுக்குள்ளிருந்து ஏதோ உறுமுகிறது. மரங்கள் முறிகின்றன. ஃபினெகன் தன் வழக்கமான கேள்வியைக் கேட்கிறான். அத்தோடு படம் முடிந்துவிடுகிறது. இரண்டாம் பாகம் எடுக்கப்படவில்லை. அந்தத் தீவில் உறுமியது எதுவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.